அழைப்பு அப்பாவுக்கு மட்டும்தானா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். எங்களுக்கு நாசரேத் பக்கம். கணவர், நான், இரண்டு பிள்ளைகள் எல்லோரும் கம்போடியாவில் பட்டாம்பாங் நகரத்துக்கு மிஷனெரிகளாக வந்து ஏழு மாதம் ஆகிறது. அவர் காலையில் கெமேர் மொழி வகுப்புக்குப் போகிறார், மத்தியானத்துக்கு மேல் உள்ளூர் போதகரோடு கிராமங்களுக்குப் போய்விடுகிறார். நான் ஐந்து வயது மகனோடு வீட்டில். பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்துச் சிரிக்க மட்டும்தான் தெரியும். ஊரிலிருந்து கொண்டுவந்த உளுந்து போன மாதம் தீர்ந்துவிட்டது. காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். பதினொரு வயது மகள் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் வாய் திறப்பதில்லை. கிளம்பிய அவசரத்தில் அவள் தோழிகளிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. போன வாரம், "அழைப்பு அப்பாவுக்குத்தானே வந்துச்சு, என்னை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. சபையிலிருந்து மாதா மாதம் "எத்தனை ஆத்துமா?" என்று கேட்கிறார்கள். அவரிடம் சொன்னால், "ஜெபம் பண்ணு, சரியாயிடும்" என்கிறார். இது என் விசுவாசக் குறைவா அக்கா? திரும்பி வந்துவிடலாமா?

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். இது விசுவாசக் குறைவு இல்லை. திரும்பி வருவதைப் பற்றி இன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு தப்பாக அமைந்திருக்கிறது. அதை இந்த மாதமே மாற்றியாக வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் மொழி படிக்கிறார், நீங்கள் படிக்கவில்லை. கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கிற பாதிக் கஷ்டம் அங்கிருந்துதான் வருகிறது.

அந்த உளுந்து டப்பாவை நினைத்து வெட்கப்படாதீர்கள். 1954-ல் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர், வெளிநாட்டில் குடியேறுகிறவர்களுக்கு வரும் அதிர்ச்சியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதற்கு அவர் சொன்ன அடையாளங்களைப் பாருங்கள்: அடிக்கடி கை கழுவுவது, குடிதண்ணீரையும் சாப்பாட்டையும் பற்றி ஓயாத கவலை, சின்னச் சின்ன விஷயத்துக்கு வரும் கோபம், சொந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற தாங்க முடியாத ஏக்கம். இத்தனை நாள் யோசிக்காமலே செய்துவந்த நூறு காரியங்கள், கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது, யாருக்கு எப்போது எழுந்து நிற்பது, எதற்குச் சிரிப்பது எல்லாம், ஒரே நாளில் செல்லாத காசாகிவிடுகின்றன. மனசு அப்போது கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் கையில் உளுந்து டப்பா இருந்தது.

எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் ஆண்டவரே என்று சொன்னபோது, தேவன் அவருக்கு உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவைத்தார். மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தார். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். ஜெபம் பண்ணச் சொல்லும் உங்கள் வீட்டுக்காரர் இந்த வரிசையையும் கவனிக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இனி மொழி. நானும் என் வீட்டுக்காரரும் நேபாளத்தில் ஊழியம் செய்த காலத்தில் எனக்கும் இதே கதைதான். அவர் வகுப்புக்குப் போனார், நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். எங்களை அனுப்பியவர்கள் மொழிப் படிப்புக்கு ஒரு ஆளுக்குத்தான் பணம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாவது வருடத்தில் எனக்கு வெங்காயம் பேரம் பேசி வாங்கத் தெரியும். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கைக்குழந்தை தவறிவிட்டது. ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வாயில் ஒரு வாக்கியம் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாயிருந்திருக்கலாம், எனக்குப் போதவில்லை. மறுநாள்தான் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டு எனக்கும் ஒரு ஆசிரியையை ஏற்பாடு செய்தேன். மூன்று வருடம் முன்னால் போட்டிருக்க வேண்டிய சண்டை அது.

இதை உங்கள் வீட்டுக்காரரிடம் கணக்காகவே சொல்லுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குக் கெமேர் கற்பிக்க 44 வாரம், சுமார் 1100 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் போட்ட கணக்கு, இருந்தாலும் பாதையின் நீளம் தெரிந்துவிடும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் நீங்கள் படித்தால் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஆகையால் அவர் காலை வகுப்பை வைத்துக்கொள்ளட்டும். மத்தியானம் வீட்டுக்கு வந்து மகனைப் பார்த்துக்கொள்ளட்டும், அந்த இரண்டு மணி நேரம் உங்கள் வகுப்பு. கிராமப் பயணம் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறையும். குறையட்டும். உள்ளூர் போதகருக்குப் பக்கத்தில் புரியாத பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, அவர் வீட்டில் இருக்கும் மத்தியானம் அந்த ஊழியத்துக்கு அதிகப் பிரயோஜனம்.

படிக்க ஆரம்பித்தால் உங்களுக்கு ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. கெமேர் எழுத்து, நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வளர்ந்தது. கிடைத்திருக்கிற கெமேர் கல்வெட்டுகளில் தேதியுள்ள மிகப் பழையது 611-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முதல் நாள் ஆசிரியை மெய்யெழுத்துகளைச் சொல்லித் தருவார்: க, க்ஹ, கோ, க்ஹோ, ஙோ. அடுத்த வரிசை ச-வில் தொடங்கி ஞ-வில் முடியும். அதற்கடுத்து ட, த, ப. நாம் ஒன்றாம் வகுப்பில் படித்த வரிசைதான், நடுவில் நம்மிடம் இல்லாத எழுத்துகள் நுழைந்திருக்கும். எண்களும் வேடிக்கையானவை. ஐந்துக்கு 'ப்ராம்', ஆறுக்குத் தனிப் பெயர் கிடையாது, ஐந்தும் ஒன்றும் சேர்த்து 'ப்ராம்-முவோய்'. உங்கள் மகன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே உங்களுக்கு முன்னால் படித்துவிடுவான். கடினமும் உண்டு. மெய்யெழுத்துகள் இரண்டு இனமாக இருப்பதால் ஒரே உயிர்க்குறி இரண்டு விதமாக ஒலிக்கும், வார்த்தைகளுக்கு நடுவில் இடைவெளி விட்டு எழுத மாட்டார்கள். முதல் மாதம் கண் வலிக்கும்.

பேச்சுக்குப் புத்தகத்தைவிடச் சந்தை நல்லது. உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவருக்கு 'போங்', சின்னம்மா வயசுக்காரருக்கு 'மிங்', தாத்தாவுக்கு 'தா'. பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் வளர்ந்த உங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். "ஞாம் பாய் ஹௌய் நௌ?" என்று கேட்பார்கள். சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நம் ஊர்த் தெருவில் கேட்கிற அதே கேள்வி, அதே அக்கறை.

தினமும் காலையில் ஒரே கடைக்குப் போங்கள். நொம் பான்சொக் விற்கும் அம்மாவாகப் பார்த்து உட்காருங்கள். அரிசி மாவைப் புளிக்கவைத்துப் பிழிந்த சேவை, மேலே மீன் போட்ட பச்சைக் குழம்பு, கிள்ளிப் போட்ட கீரையும் வாழைப்பூவும். நம் இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் கற்றுக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் மட்டும் பேசுங்கள். மறுநாள் அதே ஐந்து, கூட ஐந்து. தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள். கூட சேர்ந்து சிரித்துவிடுங்கள். சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார். அந்த மணலில் ஆரம்பித்ததுதான் 1715-ல் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு.

சபை கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "எத்தனை ஆத்துமா?" என்று ஏழாவது மாதத்தில் கேட்பது அன்பில்லாத கேள்வி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தெரியாமல் கேட்கிறார்கள். தெரியப்படுத்துவது உங்கள் வேலை. அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆன் அம்மாளும் 1813-ல் பர்மாவின் ரங்கூனுக்குப் போனார்கள். முதல் ஞானஸ்நானம் 1819-ல். நடுவில் ஆறு வருடம், ஒருவரும் இல்லை. மூத்த மகனையும் அந்த ஊரில்தான் அடக்கம் பண்ணினார்கள். அந்தக் காலத்தில் ஆன் அம்மாள், சமையல்காரரோடும் சந்தைக்காரரோடும் நாள் முழுக்கப் பேச வேண்டியிருந்ததால், பேச்சு மொழியில் கணவரை முந்திக்கொண்டார். பிற்பாடு ரங்கூனில் இருந்த தாய்லாந்து மக்களின் மொழியையும் படித்து, 1819-ல் மத்தேயு சுவிசேஷத்தை அந்த மொழியில் பெயர்த்தார். வீட்டு வேலையோடு மல்லுக்கட்டின ஒரு மிஷனெரி மனைவியின் வேலை அது.

கம்போடியச் சபையின் கதையையும் உங்கள் ஊர்ச் சபைக்கு எழுதுங்கள். 1923-ல் அங்கே புரொட்டஸ்டன்ட் ஊழியம் தொடங்கியது. முழு வேதாகமம் கெமேரில் வந்தது 1954-ல். 1975 ஏப்ரல் 17 அன்று கெமேர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை ஆட்சியைப் பிடித்து நகரங்களைக் காலி செய்தது. நான்கு வருடத்துக்குள் ஏறக்குறைய 17 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் செத்தார்கள். கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அதில் போனார்கள். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் சபை, பிழைத்த சிலரிடமிருந்தும் எல்லை அகதி முகாம்களிலிருந்தும் மறுபடி முளைத்தது. உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்குமென்றால், அவர் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நீங்களாகக் கேட்காதீர்கள். மொழி வந்து, உறவு வந்து, ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அவராகச் சொல்லுவார். அன்றைக்கு உங்களுக்குக் கெமேர் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் மேலே அத்தனை நீளம் எழுதினேன்.

இன்னொன்றையும் சபைக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வீடு வீடாகப் போய் மதம் பரப்புவதற்கு அங்கே தடை இருக்கிறது. 2007-ல் அரசு அதை எழுத்தில் நினைவூட்டியது. பணமோ பொருளோ கொடுத்து மனம் மாற்றுவதும் கூடாது. கைப்பிரதி கொடுக்கும் புகைப்படத்துக்காக உள்ளூர் விசுவாசிகளை யாரும் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது. நீங்கள் கிளம்பி வந்துவிடலாம், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டியவர்கள்.

ஜெபக் கடிதத்தில் இனி என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். "இந்த மாதம் அறுபது வாக்கியம் கற்றுக்கொண்டேன். கடைக்கார அம்மாவின் பேத்திக்குக் காய்ச்சல், அவளுக்காக ஜெபியுங்கள். எங்கள் மகளுக்கு ஒரு தோழி வேண்டும்." இவ்வளவு போதும். நம் திருநெல்வேலிச் சபைக்கு இது புரியாத காரியம் இல்லை. 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்துத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பிய சபை அது. போனவர்கள் முதலில் உட்கார்ந்து தெலுங்குதான் படித்தார்கள்.

இப்போது மகள். கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது அவள்தான்.

அவள் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு வசனத்தால் பதில் சொல்லிவிடாதீர்கள். வில்லியம் கேரியை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். அவர் மனைவி டாரத்தி முதலில் வர மறுத்தவர். 1793-ல் கடைசி நேரத்தில், தங்கையும் கூட வருவதாகச் சொன்ன பிறகு கப்பல் ஏறினார். மறு வருடம் வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். டாரத்தி அம்மாளின் மனம் உடைந்தது, 1807-ல் சாகும்வரை தேறவில்லை. நான் ஆலோசனை சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து அந்த அம்மாள் என் மனசில் இருக்கிறார். அந்த வீட்டில் அவரிடம் ஒருவர் உட்கார்ந்து, "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டிருக்கக் கூடாதா என்று இருக்கும்.

ஆகவே மகளிடம் அப்பாவே போகட்டும். வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும், அவளுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுக்கட்டும், பிறகு சொல்லட்டும்: "உன்னைக் கேட்காமல் முடிவு பண்ணிட்டோம். அது உனக்குக் கஷ்டம்னு தெரியுது. மன்னிச்சிரு. இங்கே எது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு, சொல்லு." அதற்குமேல் அவர் பேசக் கூடாது. அவள் பத்து நிமிடம் பேசாமல் இருந்தாலும் காத்திருக்க வேண்டும். ஒரு போதகருக்கு இது கஷ்டம், எனக்குத் தெரியும்.

மிஷனெரிப் பிள்ளைகளோடு நெடுங்காலம் வேலை செய்த டேவிட் பொல்லக், ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் செய்ய வேண்டிய நான்கைச் சொன்னார்: மனஸ்தாபங்களைத் தீர்ப்பது, நன்றி சொல்வது, விடைபெறுவது, போகிற இடத்தைப் பற்றி யோசிப்பது. உங்கள் மகளுக்கு மூன்றாவது கிடைக்கவில்லை. கால் கம்போடியாவில், மனசு ஊரில். இப்போதும் செய்யலாம். தோழிகளுக்குக் கையால் கடிதம் எழுதட்டும், உள்ளூர்த் தபால் தலை ஒட்டி அனுப்புங்கள். ஆச்சியோடு அவள் தனியாகப் போனில் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று "ஸ்தோத்திரம் சொல்லு" என்று எடுத்துக்கொடுக்காதீர்கள். அழுவாள். அழுது முடித்த பிள்ளைதான் புதுத் தோழியைப் பார்க்கும்.

கொடைக்கானலில் 1901-ல் அமெரிக்க மிஷனெரிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பெற்றோர் சமவெளியில், பிள்ளைகள் மலையில், மாதக்கணக்காகப் பிரிவு. நம் ஆட்கள் அந்தப் பிள்ளைகளைக் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்தார்கள். பெற்றோரின் நாட்டையும் சேராமல், வளர்ந்த நாட்டையும் சேராமல் வளரும் இப்படிப்பட்டவர்களுக்கு 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று பெயர் வைத்தவர் ரூத் ஹில் யூசீம். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது அவருக்குக் கிடைத்த சொல் அது. அப்படி வளர்ந்தவர்கள் பலருக்குப் பல மொழியும் பரந்த மனசும் வாய்க்கிறது. "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் மட்டும் தடுமாறுவார்கள். அதனால் வீட்டில் தமிழ் பேசுவதை விட்டுவிடாதீர்கள். இரவில் ஒரு அதிகாரம் அவள் தமிழில் சத்தமாக வாசிக்கட்டும். பள்ளியில் இன்னும் மூன்று மாதத்துக்கும் அவள் வாய் திறக்கவில்லை, வீட்டிலும் பேச்சு குறைகிறது என்றால் எனக்கு உடனே சொல்லுங்கள். அப்போது பள்ளியை மாற்றுவதைப் பற்றியும் பேசுவோம்.

சீக்கிரமே ப்சும் பென் வரும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, பதினைந்து நாள், முன்னோர்களை நினைக்கும் காலம். நம் ஊரில் மகாளய அமாவாசைக்கு முந்தைய அதே தேய்பிறை நாட்கள். பக்கத்து வீட்டிலிருந்து வாழையிலையில் கட்டிய 'அன்சொம்' என்ற பலகாரம் வரலாம். வாங்கலாமா, எப்படி வாங்குவது, எதில் விலகி நிற்பது என்பதை உள்ளூர் போதகரின் மனைவியிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். அந்த அம்மாவுக்கு அங்கே பிறந்து வளர்ந்த அனுபவம் இருக்கிறது. அதை விசாரிக்கிற சாக்கிலே உங்களுக்கு ஒரு சிநேகிதியும் கிடைப்பார்.

உங்கள் உடம்பையும் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் தூக்கம் கெடுகிறதா? சாப்பாடு இறங்கவில்லையா? மகனை எழுப்பிக் குளிப்பாட்டக்கூட எழ முடியவில்லையா? செத்துப்போனால் தேவலை என்று நினைப்பு வருகிறதா? இதில் ஏதாவது உண்டென்றால், அது ஏக்கத்தைத் தாண்டிவிட்டது. மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகக் கேட்டது உண்டென்றால் ஒரு நாள்கூடத் தள்ளாமல், வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மாத்திரை எழுதிக்கொடுத்தால் சாப்பிடுங்கள். சர்க்கரைக்குச் சாப்பிடுகிறோம், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுகிறோம், இதற்கு ஏன் யோசிக்க வேண்டும்? அப்படியொரு நிலை வந்து, சிகிச்சைக்காகக் குடும்பமே ஊர் திரும்ப நேர்ந்தால், அதை யாரும் தோல்வி என்று சொல்ல விடமாட்டேன். உங்கள் சபைக்கு நானே எழுதுவேன்.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஒரு வருடம் கொடுத்துப் பாருங்கள். நீங்களும் மொழி படிக்கும் ஒரு வருடம். அதற்குப் பிறகு நான்கு பேரும் உட்கார்ந்து, மகளுக்கும் சம உரிமை கொடுத்து, இருப்பதா போவதா என்று பேசுங்கள். இருந்த ஏழு மாதத்தை வைத்து முடிவெடுப்பது, நாற்று நட்ட மறுநாள் வயலைப் பார்த்துப் பேசுகிற மாதிரி.

உளுந்துக்கு ஒரு வழி சொல்கிறேன். தலைநகர் புனோம் பென்னில் இந்தியச் சாமான் கடைகள் இருக்கின்றன. அங்கே போய்வருகிற யாரிடமாவது இரண்டு கிலோ சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இட்லி ஊற்றி, ஒரு தட்டில் நான்கு வைத்து மூடி, பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வீடியோவில் பேசுவோம். உங்களுக்குச் சாயங்காலம் ஏழரை, எனக்கு ஆறு மணி. முதல் அரைமணி நேரம் நீங்கள் மட்டும். பிறகு வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள், இந்தக் கடிதத்தை அதற்கு முன்னால் அவர் வாசித்திருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா